மாத்திரை பெருசாயிடுச்சு

என் அண்ணனோடு வெளியே போவதைப் போல மானக்கேடு வேறு கிடையாது. கல்யாண வீடோ, துக்க வீடோ, பல் டாக்டரோ, எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் லிஃப்ட் கதவில் காதை வைத்துக் கேட்பார். "ரோலர் தேஞ்சு போச்சு" என்பார். "எண்ணெயைக் கண்டு வருஷமாச்சு" என்பார். பின்னால் நிற்கிறவர்கள் எல்லாம் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அண்ணி மட்டும் அலட்டிக்கொள்ள மாட்டாள். "அவரு நாடி பிடிச்சு முடிக்கட்டும், நாம படியில ஏறலாம், வா" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். மீசை முளைக்கும் முன்பே கம்பெனியில் கையாளாகச் சேர்ந்தவர். கிரீஸ் நாற்றத்தோடு வீட்டுக்கு வருவார், அதே நாற்றத்தோடு போவார். மேசை வேலை தருகிறோம் என்று கூப்பிட்டார்கள். "உக்காந்தா எனக்குத் தூக்கம் வரும் சார்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கயிறும் ஸ்பானருமாகப் போய்விட்டார். பேச்சு குறைவு. வீட்டுக்கே சேர்த்து நான்தான் பேசுவேன். எனக்கு அவர் வைத்த பெயர் ரேடியோ.

அண்ணியை அவர் முதலில் பார்த்ததும் லிஃப்டில்தான். ஒரு துணிக்கடையின் மேல்தளத்தில் அவள் விற்பனைப் பெண். ஒரு நாள் கீழே இறங்கும்போது லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே அவள் ஒருத்திதான். அழுது கத்திப் பார்த்திருக்கிறாள். கடைசியில் மேலே கதவு கொஞ்சம் விலகி ஒரு குரல் கேட்டது. "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன். கதவுகிட்ட வராதீங்க." அண்ணி இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு வரி சேர்ப்பாள். "நான் முதல்ல பார்த்தது உங்கண்ணன் பூட்ஸை. மூஞ்சியை முதல்ல பார்த்திருந்தா யோசிச்சிருப்பேன்." அண்ணன் சிரித்துக்கொண்டே டீயைக் குடிப்பார். எத்தனை தடவை கேட்டாலும் அந்தச் சிரிப்பு மாறியதில்லை.

வெளியிலிருந்து லிஃப்ட் கதவைத் திறக்க ஒரு சாவி உண்டு. முனை முக்கோணமாக இருக்கும். கண்டவர்கள் கையில் அது இருக்கக் கூடாது. கதவைத் திறந்தால் லிஃப்ட் பெட்டி அங்கே நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை, வெறும் பள்ளமாகவும் இருக்கலாம். அண்ணன் ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் அடுக்குமாடியில் ஒரு சாவியை அவரிடமே விட்டுவைத்திருந்தார்கள். யாராவது மாட்டிக்கொண்டால் கம்பெனி ஆள் வருவதற்குள் இவர் போய் நின்றுவிடுவார். அவர்கள் வீடு ஐந்தாம் மாடி. நான் ஒரு மாடி கீழே. கணவர் போன பிறகு அண்ணன்தான் எனக்கு அந்த வீட்டைப் பார்த்துக் கொடுத்தார். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்து என் வண்டி ஓடுகிறது.

வேலையில் இருக்கும்போதே அண்ணனுக்குச் சர்க்கரையும் வந்தது, ரத்த அழுத்தமும் வந்தது. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. கவலைப்படுகிற வேலையை அண்ணி எடுத்துக்கொண்டாள். காலையில் அவள் உள்ளங்கையில் வைப்பதை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். என்ன மாத்திரை, எதற்கு, எத்தனை, ஒன்றும் தெரியாது. டாக்டர் கேட்டால், "அவளைக் கேளுங்க" என்று அண்ணி பக்கம் கையைக் காட்டுவார். டாக்டரும் பரிசோதனைக் காகிதத்தைப் பார்ப்பார், "இன்னும் குறையலையே" என்பார், அளவை ஏற்றி எழுதுவார். அண்ணி பவ்யமாக வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்வாள். இது வருஷக்கணக்காக நடந்தது.

அந்த அண்ணி ஒரு காலையில் துணி உலர்த்தப் போனவள் பால்கனியிலேயே சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அண்ணன் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், போகிறவர்களை லிஃப்ட் வரை போய் அனுப்பிவைத்தார். எல்லாரும் போன பிறகு அண்ணியின் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "ரேடியோ, கொஞ்சம் சும்மா இரு" என்றார். நான் அப்போது ஒன்றுமே பேசியிருக்கவில்லை.

அவர் மகன் வெளிநாட்டில். வந்தான், இருந்தான், போனான். மகள் இதே ஊரில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் தரம் சோதிக்கிற பிரிவில் வேலை பார்க்கிறாள். ஒரு சொட்டு கூடினாலும் குறைந்தாலும் அந்தப் பீப்பாயைத் திருப்பி அனுப்புகிறவள். அம்மா போனதும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அப்பாவோடு வந்துவிட்டாள். நல்ல பெண். என்னைப் போல வாய் கிடையாது, அண்ணனைப் போல ஊமையும் கிடையாது.

வந்த வாரமே அம்மாவின் அலமாரியை ஒழித்தாள். சேலைகளுக்குப் பின்னால் மாத்திரை அட்டைகள் கட்டுக்கட்டாக இருந்தன. எல்லாம் அண்ணனுடையவை, பிரிக்காதவை.

"பாருங்க அத்தை, அம்மா எவ்வளவு முன்ஜாக்கிரதையா வாங்கி அடுக்கியிருக்காங்க" என்றாள். இரண்டு பேரும் அந்த அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதோம்.

பிறகு அவள் காலை, மதியம், இரவு என்று அறை அறையாகப் பிரித்த ஒரு பிளாஸ்டிக் பெட்டி வாங்கினாள். மருந்துச் சீட்டை எதிரில் வைத்து ஒவ்வொன்றாகப் போட்டாள். கைபேசியில் மணி வைத்தாள். வேலைக்குப் போகும் முன் அப்பா கையில் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்த்தாள். முதல் நாளே அண்ணன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாத்திரை பெருசாயிடுச்சு" என்றார்.

"அதே மாத்திரைதான்பா. டாக்டர் எழுதினதுதான்."

"பெருசாத்தான் இருக்கு."

"கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்க."

அவர் கண்ணாடியைத் தேடவில்லை. போட்டு விழுங்கிவிட்டார். மறுநாளும் அதையே சொன்னார். நான்கூட, "பெரியவங்களுக்குப் பெரிய மாத்திரை, சின்னவங்களுக்குச் சின்ன மாத்திரை, வாயைத் திறங்க" என்று கேலி செய்தேன்.

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை நன்றாகக் குறைந்திருந்தது. ரத்த அழுத்தமும் குறைந்திருந்தது. டாக்டர் அண்ணன் மகளைப் பாராட்டினார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு ரிப்போர்ட் வந்ததில்லை என்றார். அவள் முகத்தில் அம்மா போன பிறகு அன்றுதான் ஒரு சின்ன வெளிச்சம் பார்த்தேன்.

ரிப்போர்ட் தேறியது, ஆள் தேறவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாப்பாட்டைத் தட்டில் அளைந்துவிட்டு எழுந்தார். பகலெல்லாம் தூங்கினார். துக்கம்தான் என்று நினைத்தோம். யாராயிருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள். ஒரு நாள் சாயங்காலம் மகள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, "உங்கம்மா எங்கேம்மா?" என்று கேட்டார்.

அவள் தோள் பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மெல்ல மெல்லச் சொன்னாள். பால்கனி, ஆஸ்பத்திரி, எல்லாம். அண்ணன் முதன்முதலாகக் கேட்கிறவர் மாதிரி கேட்டார். வாய் கோணிக்கொண்டது. "எங்கிட்ட ஏன் யாரும் சொல்லலை?" என்றார். மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு தடவையும் அண்ணி அன்றுதான் செத்தாள்.

எத்தனை நாள்தான் ஒரு பெண் தன் அம்மாவைத் திரும்பத் திரும்பச் சாகடிப்பாள்? ஒரு நாள் தாங்க முடியாமல், "அம்மா கடைக்குப் போயிருக்காங்கப்பா, வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டாள். அண்ணன் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. "அப்படியா" என்று சாய்ந்து உட்கார்ந்தார். கொஞ்சம் கழித்து வாசலைப் பார்த்து, "செருப்பு இங்கதான இருக்கு, எப்படிப் போனா?" என்றார். அன்று ராத்திரி அவள் அம்மாவின் செருப்பை எடுத்துப் பரண்மேல் ஒளித்துவைத்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. "பெத்த அப்பன்கிட்ட பொய் சொல்றியே, இது எதுல கொண்டு போய் விடப் போகுதோ?" என்று கத்தினேன்.

"அப்ப நீங்க சொல்லுங்க அத்தை" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "தினமும் நீங்களே வந்து சொல்லுங்க."

மறுநாள் அண்ணன் என்னைக் கேட்டார். வீராப்பாக உண்மையைச் சொன்னேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு, அதற்கு மறுநாள் நானும் அண்ணியைக் கடைக்கு அனுப்பிவிட்டேன்.

வழக்கமான டாக்டர் ஊரில் இல்லாததால் தெருமுனை டாக்டரிடம் காட்டினோம். வாசலில் கூட்டம். அண்ணனை அவர் உட்காரச் சொல்லி நிமிர்ந்து பார்ப்பதற்குள் அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். "வயசாச்சு, மறதி நோய், மனைவி போன அதிர்ச்சி வேற. ராத்திரி தூங்கட்டும்" என்று ஒரு தூக்க மாத்திரையும் எழுதினார். பெட்டியில் அதுவும் சேர்ந்தது. அதன் பிறகு அண்ணன் இன்னும் தள்ளாடினார். ஒரு நாள் சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். ஒரு நாள் நன்றாகப் பேசுவார், மறுநாள் என்னையே யாரென்று கேட்பார்.

மகன் தொலைபேசியில் பேசினான். முதியவர்களுக்கான ஒரு இல்லம் பார்த்துவிட்டானாம். மறதி வந்தவர்களுக்குத் தனிப் பகுதி, கதவு எப்போதும் பூட்டியே இருக்கும், ஆபத்தில்லை என்றான். மாதக் கடைசியில் தானே வந்து கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். "நீ வேலைக்கும் போய் அப்பாவையும் பார்த்து உருகிப் போறே" என்றான் தங்கையிடம். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, "கதவைப் பூட்டினா அப்பா செத்துடுவாரு அத்தை. ஆயுசு பூரா கதவைத் திறந்துவிட்டவரு" என்றாள்.

இது நடந்த சில நாளில் ஒரு மத்தியானம் நான் அண்ணனுக்குச் சாப்பாடு போடப் போயிருந்தேன். தட்டை அப்படியே வைத்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"அவ எங்க?"

"கடைக்குப் போயிருக்காங்க அண்ணே. நீங்க சாப்பிடுங்க."

"ரொம்ப நேரமாச்சே. இந்நேரம் வந்திருக்கணுமே."

"கூட்டமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவப் போனேன். குழாயை மூடியபோது வீடு அமைதியாக இருந்தது. திரும்பி வந்தால் நாற்காலி காலி. வாசல் கதவு திறந்திருந்தது.

மாடிப்படிக்கு எதிரில் லிஃப்ட் கதவும் திறந்திருந்தது. உள்ளே பெட்டி இல்லை. இருட்டுதான் இருந்தது, கயிறுகள் தொங்கின. அண்ணன் ஒரு கையால் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பாதி உடம்பை உள்ளே நீட்டிக் கீழே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"பயப்படாதே, நான் வந்துட்டேன். கதவுகிட்ட வராதே."

கூப்பிட்டால் திரும்பும் வேகத்தில் விழுந்துவிடுவார். மூச்சை அடக்கிக்கொண்டு பின்னாலேயே போய் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். கதவு தானாக மூடிக்கொண்டது. அவர் உடம்பு சில்லென்று ஈரமாக இருந்தது. கை நடுங்கியது.

"என்னை ஏன் பிடிச்சு இழுக்கறே? உள்ள மாட்டிக்கிட்டிருக்கா" என்றார். "கடையிலேர்ந்து வந்துக்கிட்டிருந்தாளே. நீதான சொன்னே?"

நான்தான் சொன்னேன். அவர் கையிலிருந்து சாவியைப் பிடுங்கி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் சர்க்கரையைப் பார்த்தார்கள். அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. ஊசி வழியாக குளுக்கோஸ் ஏற்றியதும் கொஞ்சம் தெளிந்து தண்ணீர் கேட்டார். மறுநாள் முதியோர் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே இருந்த டாக்டர் நடு வயதுப் பெண்மணி. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டர் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததே அப்போதுதான்.

அண்ணனைப் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். எழுப்பி நிற்கவைத்து மறுபடியும் பார்த்தார், உதட்டைச் சுழித்தார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்து உட்காரச் சொன்னார். மாதங்களைக் கடைசியிலிருந்து சொல்லச் சொன்னார். அண்ணன் இரண்டு சொன்னார், அதற்குள் ஜன்னல் பக்கம் கவனம் போய்விட்டது. பிறகு எங்களிடம் திரும்பி, எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன்னால் வீட்டுக் கணக்கு வழக்கு பார்ப்பாரா, வழி தவறியிருக்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"மனைவி இறந்த அன்னிக்கு எப்படி இருந்தார்?"

"வந்தவங்களுக்கெல்லாம் நாற்காலி போட்டாரு" என்றேன். "எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாரு."

"மறதி நோய் இவ்வளவு வேகமா வராது. ஒரு நாள் நல்லா, ஒரு நாள் மோசமான்னும் இருக்காது. இது வேற ஏதோ. வேற என்ன வித்தியாசமாப் பேசினார்?"

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. சட்டைக்கு மேல் சட்டை, என்னை அடையாளம் தெரியாதது, எல்லாவற்றையும் கொட்டினேன். "இதெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுச்சு டாக்டர். மாத்திரை பெருசாயிடுச்சு, மாத்திரை பெருசாயிடுச்சுன்னு அதையே சொல்லிக்கிட்டிருப்பாரு" என்றேன்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"மாத்திரை பெருசாயிடுச்சுன்னா சொன்னார்?"

"ஆமா. இவ வந்து குடுக்க ஆரம்பிச்ச முதல் நாளே."

"அதுக்கு முன்னால யார் குடுத்தாங்க?"

"அம்மா" என்றாள் அண்ணன் மகள்.

"வீட்டுக்குப் போய் மாத்திரை சம்பந்தமா இருக்கறது எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டுவாங்க. புதுசு, பழசு, டப்பா, எல்லாம்."

அவள் கொண்டுவந்தாள். அம்மா சேர்த்துவைத்த அட்டைகள் கட்டிலை நிறைத்தன. டாக்டர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு எப்படி மிஞ்சும்?" என்றார் தனக்குள். பையின் அடியில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா இருந்தது. கரண்டிகளோடு கிடந்ததாம். திறந்தால் ஒரு பக்கம் நூல் சுற்றிய பிளேடு, வெள்ளைத் தூள், அட்டையின் வெள்ளிக் காகிதத்தில் மடித்த ஒரு பொட்டலம். பிரித்தார். உள்ளே பாதிப் பாதியாக மாத்திரைகள். ஒரு முழு மாத்திரையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். சரியாக அதன் பாதி.

எங்களுக்கு அப்போதும் விளங்கவில்லை. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அண்ணி ஒவ்வொரு மாத்திரையையும் பாதியாக்கித்தான் கொடுத்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. பாதிக்கு ரிப்போர்ட் எதிர்பார்த்தபடி குறையாது அல்லவா, அதனால் டாக்டர்கள் அளவை ஏற்றியிருக்கிறார்கள். ஏற்றியதிலும் அவள் பாதி. மறுபடியும் ஏற்றியிருக்கிறார்கள். அண்ணனின் உடம்பு அந்தப் பாதியில்தான் இத்தனை வருஷம் நடமாடியது. மகள் வந்து, எழுதியதை எழுதியபடி கொடுத்தாள். அதாவது இரண்டு மடங்கு. சாப்பாடும் இறங்கவில்லை. சர்க்கரை விழுந்தது, எழுந்து நின்றால் அழுத்தம் விழுந்தது, ரத்தத்தில் உப்பும் குறைந்துபோனது. போதாக்குறைக்குத் தூக்க மாத்திரை.

"அப்போ நான்தான்" என்றாள் அண்ணன் மகள்.

"சீட்டுல இருந்ததைத்தான் நீங்க குடுத்தீங்க" என்றார் டாக்டர். "அவங்க தலைசுத்தலைப் பார்த்துப் பயந்து குறைச்சிருப்பாங்க. அதை எங்ககிட்ட சொல்லியிருந்தா நாங்களே குறைச்சிருப்போம். வீட்டுல என்ன குடுக்கறீங்கன்னு நாங்களும் கேட்டிருக்கணும். யாரும் கேட்கலை."

மாத்திரை ஆரம்பித்த புதிதில் அண்ணன் ஒரு தடவை லிஃப்ட் பெட்டிமேல் நின்று வேலை செய்யும்போது தலைசுற்றிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தப்பினார். வெளுத்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார். பிளேடை அண்ணி கையில் எடுத்தது அதற்கு மறுநாளாகத்தான் இருக்கும். டாக்டரிடம் போய் இப்படிக் குறைத்தேன் என்று சொன்னால் திட்டுவார்கள் என்று பயம். கடையில் சாமான் சரியில்லை என்றால்கூடத் திருப்பிக் கொடுக்கக் கூச்சப்படுகிறவள் அவள். எனக்கு அவள்மேல் வந்த கோபம் சொல்லி மாளாது. என்னிடமாவது சொல்லித் தொலைத்திருக்கலாம், நான் ஊரைக் கூட்டியாவது டாக்டர் காதில் போட்டிருப்பேன். செத்தவளோடு சண்டை போட்டு என்ன பயன்? ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவளோடு சண்டை போட்டுக்கொண்டே அழுதேன்.

டாக்டர் தூக்க மாத்திரையை நிறுத்தினார். இன்னும் சிலதை எடுத்தார், மிச்சத்தைக் குறைத்தார். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவில்லை. ஒன்றை மாற்றுவார், பார்ப்பார், பிறகு அடுத்தது. வீட்டுக்கு அனுப்பும்போது எங்கள் இரண்டு பேரையும் தனியாகக் கூப்பிட்டார்.

"மெல்லத் தெளிவார். முழுசா பழையபடி ஆவார்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா நிறைய தெளிவார். தெளியும்போது மனைவி இல்லைங்கறதும் சேர்ந்தே வரும். அப்போ பக்கத்துல இருங்க. இனிமே கேட்டா பொய் சொல்லாதீங்க."

படியிறங்கும்போது அண்ணன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா சரியாகணும்னும் இருக்கு அத்தை. ஆகிடுவாரோன்னும் பயமா இருக்கு" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் சில நாள் "அவ எங்க?" என்று கேட்டார். நாங்கள் உண்மையைச் சொன்னோம். கேட்டுக்கொண்டு தலையாட்டினார். பிறகு கேட்பது குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. சுவரைப் பிடிக்காமல் நடந்தார். தட்டில் போட்டதைச் சாப்பிட்டார். ஒரு நாள் காலையில் நான் வளவளவென்று பேசிக்கொண்டிருந்தபோது, "ரேடியோவை யாராவது அணைங்கப்பா" என்றார். நான் சமையலறைக்குள் போய் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, இன்னும் கொஞ்சம் பேசினேன்.

மகன் போன் செய்தபோது அண்ணனே வாங்கிப் பேசினார். "அந்த இடத்துல லிஃப்ட் எந்தக் கம்பெனி?" என்று கேட்டார். மாடியே கிடையாது என்றான் அவன். "அப்ப எனக்கு அங்க என்ன வேலை?" என்றார். அந்தப் பக்கம் அவன் சிரித்தானா அழுதானா தெரியாது. இல்லத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

இப்போது மகள்தான் காலையில் மாத்திரையை உடைக்கிறாள், டாக்டர் எழுதித் தந்தபடி. அவ்வளவு சின்ன அளவில் மாத்திரை கிடைக்காததால் பாதியாக்க வேண்டியிருக்கிறது. பீப்பாய் பீப்பாயாகச் சோதிக்கிறவளுக்கு ஒரு மாத்திரை உடைபட மறுக்கிறது. ஒரு பக்கம் பெரிதும் ஒரு பக்கம் சிறிதுமாகத் தூள் கொட்டும். அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கம்மா உடைச்சா ரெண்டும் ஒரே அளவா இருக்கும்" என்றார்.

அவள் கை நின்றது. "உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"கையில வெக்கும்போது பார்ப்பேனே. டாக்டர் சொல்லித்தான் குடுக்கறாளாக்கும்னு நினைச்சேன்."

"அதைத்தான் எங்ககிட்ட சொன்னீங்க, மாத்திரை பெருசாயிடுச்சுன்னு."

"சொன்னேனா?" என்றார். யோசித்துப் பார்த்தார். நினைவில்லை என்று தலையாட்டினார்.

அன்றைக்கே மத்தியானம் என்னிடம், "சாவி உன்கிட்டதான இருக்கு, குடு" என்றார்.

அண்ணன் மகள் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கொடுக்காதீங்க என்று கண்ணைக் காட்டினாள். "எதுக்கு அண்ணே?" என்றேன்.

"காவல்காரர்கிட்ட திருப்பிக் குடுத்துடலாம். நீங்களும் வாங்க."

மூன்று பேருமாக லிஃப்டுக்கு எதிரில் போய் நின்றோம். நான் அவர் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் பொத்தானை அழுத்திவிட்டு, பழைய வழக்கம்போல் கதவில் காதை வைத்தார். எங்கள் இரண்டு பேருக்கும் உயிரே இல்லை. "ரோலர் சத்தம் போடுது" என்றார். லிஃப்ட் வந்தது. உள்ளே ஏறினோம், கீழே போனோம். காவல்காரர் கையில் சாவியைக் கொடுத்து, "இனிமே யாராவது மாட்டிக்கிட்டா கம்பெனிக்காரங்களையே கூப்பிடுங்க" என்றார். "ஏன் சார்?" என்று காவல்காரர் கேட்டார். "வயசாச்சுப்பா" என்று மட்டும் அண்ணன் சொன்னார்.

மேலே வரும்போது மகளைப் பார்த்துச் சொன்னார். "அன்னிக்கு உள்ளேர்ந்து உங்கம்மா கூப்பிட்டாம்மா. எனக்கு நிஜமாவே கேட்டுச்சு."

"நான்தான்ப்பா பொய் சொன்னேன். கடைக்குப் போயிருக்காங்கன்னு. அதனாலதான் நீங்க இங்க வந்து" என்று ஆரம்பித்து அவள் அழுதுவிட்டாள்.

"பொய்தான்" என்றார். அவள் தலையில் கை வைத்தார். "ஆனா அத்தனை நாளும் அவ வந்துடுவான்னு வாசலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நல்லா இருந்துச்சும்மா. இப்ப வாசலைப் பார்க்க வேண்டியதில்லை. எங்கேர்ந்து வரப்போறா?"

அப்படியே சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தார். அண்ணி போன அன்று அழாதவர். நான் அவர் சட்டையின் ஓரத்தை விடவில்லை. ஐந்தாம் மாடி வந்தது, கதவு திறந்தது. மூன்று பேரும் அப்படியே நின்றோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கதவு தானாக மூடிக்கொண்டது. யாரும் பொத்தானை அழுத்தவில்லை.